பதில் வரவழைக்கும் மடல்: நியூஸ்லெட்டர் எழுதத் தொடங்குபவர்களுக்கு

நியூஸ்லெட்டர் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது, எப்போதோ ஒரு கடையில் பில் போடும்போது மெயில் ஐடி கொடுத்ததிலிருந்து வாராவாரம் வந்துகொண்டிருக்கும் தள்ளுபடி அறிவிப்புகள்தான். அவற்றை விட்டுவிடுவோம். ஒரு ஆளோ ஒரு சின்ன அமைப்போ, தனக்கு ஈடுபாடு உள்ள ஒரு விஷயத்தைப் பற்றி, கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டும், ஒழுங்கான இடைவெளியில் எழுதி மின்னஞ்சலில் அனுப்பும் மடலைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். மாடித்தோட்டம், கர்நாடக இசை, ஊர் வரலாறு, கல்வெட்டு, பங்குச்சந்தை, முன்னாள் மாணவர் சங்கம் என்று விஷயம் எதுவாகவும் இருக்கலாம். படிக்கிறவர் அதை ஆசையாகத் திறக்க வேண்டும், முடித்ததும் ஒரு வரி பதில் போடத் தோன்ற வேண்டும். அப்படி ஒரு மடலை எழுதுவதற்கு என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மடல் ஆயிரம் பேருக்குப் போனாலும் ஒவ்வொருவரும் அதைத் தனியாகத்தான் படிக்கிறார். பஸ்ஸில் நின்றுகொண்டு, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிய பிறகு, ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன்னால், கையில் இருக்கும் ஃபோனில், அவர் மட்டும். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பக்கத்து ஆளின் கைதட்டல் பிடித்து வைத்திருக்கும், மெயில் படிப்பவருக்கு அந்தத் துணை கிடையாது, அவரை உட்கார வைக்க உங்கள் வரிகள் மட்டுமே இருக்கின்றன. அதனால் "அன்பார்ந்த வாசகப் பெருமக்களே" என்று தொடங்கும் மடலை அவர் தனக்கு வந்ததாக நினைப்பதே இல்லை. யாருக்கோ போட்ட நோட்டீஸ் தன் பெட்டியிலும் விழுந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்.

இந்த விஷயம் தமிழுக்குப் புதிது கிடையாது. அண்ணா 1950களில் 'திராவிட நாடு' இதழில் 'தம்பிக்கு' என்று கடிதங்கள் எழுதினார். கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் படிக்கப்போகிற கடிதம், ஆனால் விளிப்பது ஒரே ஒரு தம்பியை. பின்னால் கலைஞர் 'முரசொலி'யில் 'உடன்பிறப்பே' என்று பல பத்தாண்டுகள் எழுதினார். அவர்கள் அரசியல் நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, படித்த ஒவ்வொருவரும் அது தனக்கு வந்த கடிதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் வாரன் பஃபெட் தன் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு வருடா வருடம் எழுதிய கடிதங்களும் இதே வழியில்தான் போயின. எழுதும்போது தன் சகோதரிகள் டோரிஸும் பெர்ட்டியும் எதிரில் இருப்பதாக நினைத்துக்கொள்வேன் என்று 1998இல் அந்நாட்டுப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் வெளியிட்ட ஒரு கையேட்டின் முன்னுரையில் அவர் எழுதியிருக்கிறார். இருவரும் புத்திசாலிகள், ஆனால் கணக்கியல் படித்தவர்கள் இல்லை. தெளிவாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள், தொழில்மொழியில் சொன்னால் குழம்புவார்கள். உங்களுக்கு அப்படி உடன்பிறந்தவர்கள் இல்லையென்றால் என்னுடையவர்களைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் அதில் சொல்கிறார்.

அப்படியானால் உங்கள் டோரிஸ் யார்? இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்காமல் ஒரு வரி கூட எழுத வேண்டாம் என்பேன். 25 முதல் 40 வயதுக்குட்பட்ட நகரவாசிகள் என்பதெல்லாம் விளம்பரக் கம்பெனிக்கு உதவும், எழுதுகிறவருக்கு உதவாது. பெயரும் முகமும் உள்ள ஒரு ஆள் வேண்டும். அத்தை மகள், பழைய ஆபீஸ் நண்பர், எதிர்வீட்டு மாமா, யாராக இருந்தாலும் சரி. அவருக்கு உங்கள் விஷயத்தில் ஆர்வம் இருக்க வேண்டும், உங்கள் அளவுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. எழுதும்போது ஒரு சொல் வருகிறது, அவருக்கு இது புரியுமா என்று சந்தேகம் வந்தால் விளக்குங்கள். ஒரு வரி பெருமையடிப்பதுபோல இருக்கிறது, அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். சொல்ல மாட்டீர்கள் என்றால் அடித்துவிடுங்கள்.

கையோடு இன்னொன்று. தனி ஆளாக எழுதும்போது 'நாங்கள்' வேண்டாம், 'நான்' போதும். "எங்கள் செய்திமடலில் வழங்கப்படுகின்றன" என்று எழுதும்போது ஒரு பெரிய அலுவலகம் பின்னால் இருப்பதுபோல ஒரு தோரணை வருகிறது, ஆனால் அந்த இடத்தில் ஆள் காணாமல் போய்விடுகிறார். 'படுகிறது', 'படுகின்றன' என்று முடியும் வரிகளை மட்டும் தேடிப் பிடித்து மாற்றினாலே பாதி மடல்களுக்கு உயிர் வந்துவிடும்.

இப்போது ஒரு மடலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மாடித்தோட்டம் பற்றி ஒருவர் மாதம் இருமுறை மடல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"அனைவருக்கும் வணக்கம். எங்கள் மடலின் நான்காவது இதழில் உங்களைச் சந்திப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். மாடித்தோட்டம் என்பது இன்றைய காலகட்டத்தில் மிகவும் இன்றியமையாத ஒன்றாகும். இந்த இதழில் கீரை வளர்ப்பு முறைகள், இயற்கைப் பூச்சி மேலாண்மை, வாசகர் கருத்துகள் ஆகியவை இடம்பெறுகின்றன. படித்துப் பயன்பெறவும்."

இதில் தவறு என்று சொல்ல ஒன்றுமில்லை, இலக்கணம் சரி, மரியாதை சரி. ஆனால் இந்த ஐந்து வாக்கியத்தில் ஒரு செடி கூட இல்லை. மாடித்தோட்டம் என்ற இடத்தில் யோகா என்று போட்டால் யோகா மடல் ஆகிவிடும், கீரையை எடுத்துவிட்டு மூச்சுப் பயிற்சி என்று மாற்றினால் போதும். எந்த விஷயத்துக்கும் பொருந்துகிற வரி எந்த வாசகருக்கும் பொருந்தாது. அதே ஆள் தன் அத்தை மகளுக்கு எழுதியிருந்தால் இப்படி வந்திருக்கும்:

"தண்டுக்கீரை விதை தூவிய மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தொட்டி விளிம்பில் எறும்பு வரிசை. குனிந்து பார்த்தேன், ஒவ்வொன்றின் வாயிலும் பளபளவென்று ஒரு கறுப்புப் புள்ளி. என் விதைதான். பூராவும் சுவர் ஓட்டைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த முறை விதையோடு ஒரு பிடி மணலைக் கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு மூடி, தொட்டிக்கு வெளியே கொஞ்சம் ரவையைத் தூவி வைத்தேன். எறும்புகள் ரவைப் பக்கம் போய்விட்டன. நாலாம் நாள் பச்சை தெரிந்தது. உங்கள் மாடியில் எறும்பு எதைத் தூக்கிக்கொண்டு போகிறது?"

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். இரண்டாவதில் வணக்கம் இல்லை, இதழ் எண் இல்லை, கீரை வளர்ப்பின் முக்கியத்துவம் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் கீரை விதை கறுப்பாகச் சின்னதாக இருக்கும், மணல் கலந்தால் பரவலாக விழும், மேலே மண் மெல்லிசாகத்தான் போட வேண்டும், முளைக்க மூன்று நான்கு நாள் ஆகும் என்று நான்கு தகவல்கள் கதைக்குள்ளேயே போய்விட்டன. படிப்பவர் பாடம் கேட்டதாக உணரவே மாட்டார். கடைசிக் கேள்வி அதைவிட முக்கியம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மடலில் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் இந்த மாதிரி இடங்களிலிருந்துதான். எழுதுகிறவர் குனிந்து பார்த்திருக்கிறார். இணையத்தில் தேடினால் கிடைக்காத ஒரு சின்ன காட்சி, அது அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. நகைச்சுவை வேண்டும், மீம் வேண்டும், இமோஜி வேண்டும் என்று புதிதாகத் தொடங்குபவர்கள் கவலைப்படுகிறார்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் இழுத்து வர வேண்டாம். நேராகப் பார்த்ததை நிதானமாகச் சொன்னால் படிப்பவர் முகத்தில் தானாகச் சிரிப்பு வரும்.

என்ன எழுதுவது என்ற கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த மிக நல்ல உதாரணம் மின்னஞ்சல் பிறப்பதற்கு முந்தையது. வாஷிங்டனில் ஐ. எஃப். ஸ்டோன் என்ற பத்திரிகையாளர் 1953இல் சொந்தமாக ஒரு வார மடலைத் தொடங்கினார். வேலை பார்த்த நாளிதழ் மூடிவிட்டது, மெக்கார்த்தி என்ற செனட்டர் கொடிகட்டிப் பறந்த காலத்தின் கம்யூனிஸ்ட் வேட்டையில் அவரைப் போன்ற இடதுசாரிக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கவில்லை. மனைவி எஸ்தர் சந்தாக் கணக்கைப் பார்த்துக்கொள்ள, இவர் எழுத, நான்கு பக்கத்தில் அந்த மடல் வந்தது. தொடக்கத்தில் 5000 சொச்சம் சந்தாதாரர்கள். 1971இல் நிறுத்தியபோது சுமார் 70,000 பேர்.

அவருக்குக் காது சரியாகக் கேட்காது. அதனால் பிரஸ் மீட்டுகளில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதைவிட, அரசாங்க அறிக்கைகளையும் நாடாளுமன்றக் குழு விசாரணைப் பதிவுகளையும் வரிவரியாகப் படிப்பதே அவர் வழியாக இருந்தது. அதில் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். 1957 செப்டம்பரில் நெவாடாவில் அமெரிக்கா நிலத்துக்கு அடியில் ஓர் அணுகுண்டைச் சோதித்தது. நிலத்தடிச் சோதனையைத் தூரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியுமா என்பது அன்றைக்குப் பெரிய அரசியல் கேள்வி, ஏனென்றால் முடியாது என்றால் சோதனைத் தடை ஒப்பந்தம் போட்டும் பயனில்லை. அந்த அதிர்வு 200 மைலுக்கு அப்பால் பதிவாகவில்லை என்று அணுசக்தி ஆணையம் சொன்னது. ஆனால் தூர நாடுகளில் பதிவானதாகச் சோதனை நடந்த சமயத்திலேயே செய்தித்தாளில் வந்த துண்டுச் செய்திகள் ஸ்டோனுக்கு நினைவிருந்தன. நிலநடுக்கத்தைப் பதிவுசெய்யும் அரசு அலுவலகத்துக்கு நேரே போய்க் கேட்டார். 2000 மைலுக்கும் மேல் தள்ளி இருக்கும் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் வரை பதிவாகியிருக்கிறது என்று பட்டியலையே கொடுத்தார்கள். ஆணையம் தன் கூற்றைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

நாம் யாரும் அணுகுண்டைத் துரத்தப்போவதில்லை. ஆனால் அவர் செய்ததைப் பிரித்துப் பார்த்தால் எந்த மடலுக்கும் அது உதவும். எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருந்து, யாரும் நின்று படிக்காத ஒன்றை அவர் எடுத்தார், இன்னொரு இடத்தில் சரிபார்த்தார், எளிய மொழியில் சொன்னார். ஊர் வரலாறு எழுதுபவருக்குப் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சுண்ணாம்பு பூசி மறைந்துபோன அடிக்கல் இருக்கிறது. பங்குச்சந்தை பற்றி எழுதுபவருக்கு ஆண்டறிக்கையின் பின்பக்கத்துச் சின்ன எழுத்துக் குறிப்புகள் இருக்கின்றன. கர்நாடக இசை எழுதுபவருக்குச் சபாவில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபி குடிக்க எழுந்து போகிறவர்கள் தவறவிடும் பத்து நிமிஷம் இருக்கிறது. மடல் எழுதுபவர் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, நாள்தோறும் கண்ணில் பட்ட ஒன்றைக் குறித்து வைத்தால் போதும், எழுதும் நாளில் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

பண்டிகை வாழ்த்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொங்கல் அன்று காலை உங்கள் வாசகருக்குப் பேங்க்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஃபோன் கம்பெனியும் வாழ்த்து அனுப்பியிருக்கும். நீங்களும் கரும்புப் படம் போட்டு ஒன்று அனுப்பினால் அந்த வரிசையில் போய் நிற்பீர்கள். அதே நேரத்தில், ஆடியில் குரோ பேக்கில் ஊன்றிய மஞ்சள் கிழங்கு இப்போது கொத்தோடு பானைக் கழுத்தில் கட்டத் தயாராக இருப்பதை எழுதினால், வாழ்த்து என்ற சொல்லே தேவைப்படாது.

அடுத்து, மடலைத் திறக்க வைப்பது. இன்பாக்ஸில் படிப்பவருக்கு மூன்று விஷயம்தான் தெரிகிறது: அனுப்பியவர் பெயர், சப்ஜெக்ட், அதன் பக்கத்திலோ கீழேயோ மங்கலாக வரும் முன்னோட்ட வரி. பெயரில் உங்கள் சொந்தப் பெயர் இருக்கட்டும், மடலின் பெயரும் சேர்ந்து இருக்கலாம். சப்ஜெக்டில் "மடல் எண் 4" என்று போடுவது வீண். தமிழ் எழுத்து அகலமானது, ஃபோனில் நாலைந்து சொற்களுக்கு மேல் தெரியாது, அதனால் கனமான சொல் முன்னால் வர வேண்டும். மேலே பார்த்த மடலுக்கு "கீரை விதையைத் தூக்கிப்போன எறும்புகள்" என்று வைக்கலாம். "இதைப் படித்தால் அதிர்ந்துபோவீர்கள்" என்று வைக்கவே கூடாது. யூடியூபில் அப்படித் தலைப்பு வைத்தால் ஏமாந்தவர் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார், உங்கள் மடலில் ஏமாந்தவர் உங்கள் பெயரை நினைவில் வைத்துக்கொள்வார். முன்னோட்ட வரியைப் பலரும் கண்டுகொள்வதே இல்லை, அதனால் "படங்கள் தெரியவில்லையா? இங்கே கிளிக் செய்யவும்" என்பது அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. மடல் அனுப்பும் தளங்களில் அதை எழுதத் தனியாக ஓர் இடம் இருக்கும், அதில் ஒரு நல்ல வாக்கியத்தைப் போடுங்கள்.

தமிழில் அனுப்புபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தொழில்நுட்ப விஷயம் ஒன்று இருக்கிறது, யாரும் அதிகம் சொல்வதில்லை. ஒரு மெயிலின் அளவு ஏறத்தாழ 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் அதைப் பாதியில் வெட்டி, முழுவதையும் பார்க்க ஒரு லிங்க்கை மட்டும் காட்டும். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் யூனிகோடில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் 'க' என்ற எழுத்துக்கே மூன்று பைட், 'கி' என்றால் உயிர்மெய்க் குறியும் சேர்ந்து ஆறு பைட். வண்ணக் கட்டம், பட்டன் எல்லாம் வைத்த டெம்ப்ளேட் தன் பங்குக்கு முப்பது நாற்பது கேபி எடுத்துக்கொள்ளும். இரண்டாயிரம் சொல்லுக்கு மேல் ஒரே மடலில் எழுதினால் வெட்டுப்பட நல்ல வாய்ப்பு இருக்கிறது, அப்படி வெட்டுப்பட்டால் அடியில் இருக்கும் உங்கள் கேள்வியும், மடல் வேண்டாம் என்று விலகுவதற்கான அன்சப்ஸ்கிரைப் லிங்க்கும் சேர்ந்தே மறைந்துவிடும். ஐந்நூறு அறுநூறு சொல்லில் முடித்தால் இந்தத் தொல்லையே இல்லை, படிப்பவருக்கும் அதுவே சௌகரியம்.

மடல் முழுவதையும் ஒரு போஸ்டர் படமாகச் செய்து அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். படங்களைத் தடுத்து வைத்திருக்கும் மெயில் பெட்டிகளில் அது வெற்றுக் கட்டமாகத்தான் தெரியும், ஃபோனில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது, ஆறு மாதம் கழித்து அந்த எறும்பு விஷயத்தை எடுக்கலாம் என்று தேடினால் கிடைக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருப்பவர்கள் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் எதிர்முனையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் போய்ச் சேரும்.

நம்மவர்கள் மெயில் படிப்பார்களா, வாட்ஸ்ஆப்பில் போட்டால் போதாதா? இது நியாயமான கேள்வி. பலருக்கு மெயில் என்றால் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் டிக்கெட்டும் வந்து விழும் இடம் என்பது உண்மைதான், அதனால் தமிழில் மடல் தொடங்கினால் பட்டியல் மெதுவாகத்தான் வளரும். ஆனால் வாட்ஸ்ஆப் குழுவில் நீங்கள் எழுதியது காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் மேலே போய்விடும், ஃபேஸ்புக்கில் யாருக்குக் காட்டுவது என்பதை அந்த நிறுவனம் முடிவு செய்யும். மடலில் வாசகர் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது. பெரும்பாலான தளங்களில் அதை ஒரு ஃபைலாக இறக்கி வைத்துக்கொண்டு நாளைக்கே வேறு தளத்துக்குப் போகலாம். தேடி வந்து பெயர் கொடுத்த நூறு பேர் என்பது, என் மதிப்பில், கடந்துபோகும்போது லைக் போடும் பத்தாயிரம் பேரைவிடப் பெரிய எண்ணிக்கை. வாட்ஸ்ஆப்பை ஆள் சேர்க்கும் வாசலாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டஸில் மடலிலிருந்து ஒரு பத்தி, கீழே சேர்வதற்கான லிங்க், அவ்வளவு போதும்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை அனுப்புவது? ஒரு வருடத்துக்கு விடாமல் அனுப்ப முடிகிற இடைவெளி எதுவோ அது. ஆரம்ப உற்சாகத்தில் வாரம் இருமுறை என்று அறிவித்துவிட்டு மூன்றாம் மாதம் நின்றுபோன மடல்கள் நிறைய. மாதம் இருமுறை, ஒரே கிழமையில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் என்பது தொடங்குபவர்களுக்குச் சரியாக இருக்கும். ஒருமுறை விட்டுப்போனால் அடுத்த மடலில் அரைப் பக்கம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், நேராக விஷயத்துக்குப் போய்விடுங்கள். மடலுக்குள்ளும் எப்போதும் வரும் ஒரு சின்னப் பகுதியை ஒரே இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வாரப்பத்திரிகையை வாங்கியதும் நேரே கேள்வி-பதில் பக்கத்துக்கோ கடைசிப் பக்கத்துக்கோ போகிற வாசகர்களை நமக்குத் தெரியும், மடல் படிப்பவர்களும் அப்படி ஒரு மூலையைப் பிடித்துக்கொள்வார்கள். மாடித்தோட்ட மடலில் அது "இந்த வாரம் என்ன ஊன்றலாம்" என்ற இரண்டு வரியாக இருக்கலாம்.

இப்போது அந்தக் கடைசிக் கேள்விக்கு வருவோம். "உங்கள் மேலான கருத்துகளைத் தெரிவிக்கவும்" என்று முடித்தால் ஒருவரும் எழுத மாட்டார். கருத்து என்றால் யோசித்து, கோர்வையாக, தப்பில்லாமல் எழுத வேண்டும் என்று படிப்பவருக்குத் தயக்கம். "உங்கள் மாடியில் எறும்பு எதைத் தூக்கிக்கொண்டு போகிறது?" என்று கேட்டால் அரை நிமிஷத்தில் பதில் போடலாம். "எங்க வீட்ல சர்க்கரை டப்பாவையே விடறதில்ல", "பாட்டி விதையோட சாம்பல் கலப்பாங்க" என்று வரும். அந்தச் சாம்பல் விஷயத்தை, அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அடுத்த மடலில் அவர் பெயரோடு போடுங்கள். தான் எழுதிய ஒரு வரி அங்கே வந்திருப்பதைப் பார்த்தவர் அந்த மடலைத் தன் வீட்டு ஆட்களுக்கெல்லாம் காட்டுவார், இனி எந்த இதழையும் திறக்காமல் விட மாட்டார். மற்றவர்களுக்கும் எழுதினால் மறுமுனையில் படிக்கிற ஆள் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். கேள்வி சின்னதாக இருக்க வேண்டும், அன்றைய மடலோடு ஒட்டியிருக்க வேண்டும், பதில் அவர் வீட்டிலேயே கிடைக்க வேண்டும். அப்புறம், வரும் பதில் உங்களுக்கே வந்து சேர வேண்டும். பதில் அனுப்ப முடியாத 'நோ-ரிப்ளை' முகவரியிலிருந்து மடல் அனுப்புவது, தான் பேச வேண்டியதைப் பேசிவிட்டு, எதிராளி பேசுவதைக் கேட்காமல் ஃபோனை வைத்துவிடுவதுபோலத்தான்.

பதில்களை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எத்தனை சதவீதம் பேர் மடலைத் திறந்தார்கள் என்று எல்லாத் தளங்களும் ஓர் எண்ணைக் காட்டும். மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படத்தை வைத்து, அது எத்தனை பேர் கருவியில் இறங்கியது என்று எண்ணித்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு தனியுரிமை வசதியைக் கொண்டுவந்தது. அதை இயக்கி வைத்திருப்பவர்களுக்கு வரும் படங்களையெல்லாம் ஆப்பிள் தானே முன்கூட்டி இறக்கிவிடும், ஆள் மெயிலைத் திறக்காவிட்டாலும் திறந்ததாகவே கணக்கில் ஏறும். படங்களைத் தடுத்து வைத்திருப்பவர் ஆர்வமாக முழுவதும் படித்திருந்தாலும் கணக்கில் வர மாட்டார். இந்த எண்ணைத் தினமும் திறந்து பார்த்து மனம் வாடுவதில் அர்த்தமில்லை. ஒருவர் உட்கார்ந்து உங்களுக்கு எழுதிய மூன்று வரியைப் போல நம்பத்தக்க கணக்கு வேறு இல்லை.

விலக நினைப்பவரைத் தடுக்க வேண்டாம். அன்சப்ஸ்கிரைப் லிங்க்கை நன்றாகத் தெரியும்படி வையுங்கள். அது கண்ணில் படாவிட்டால் அவர் ஸ்பேம் பட்டனை அழுத்துவார், அப்படிப் பலர் அழுத்தினால் ஆசையாகக் காத்திருப்பவர்களுக்குப் போகும் மடலும் ஸ்பேமுக்குள் விழத் தொடங்கும். மொத்தமாக மெயில் அனுப்புபவர்கள் (கூகுள் கணக்கில் நாளொன்றுக்கு 5000க்கு மேல்) ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும் என்று கூகுளும் யாகூவும் 2024இல் விதியே போட்டுவிட்டன. சின்ன பட்டியல்காரர்களுக்கு அந்த 5000 கணக்கு பொருந்தாது, ஆனால் காரணம் பொருந்தும். அதேபோல, கேட்காதவர்களின் முகவரியைக் கல்யாணப் பத்திரிகைப் பட்டியலிலிருந்தோ ஆபீஸ் குழுவிலிருந்தோ எடுத்துச் சேர்க்கவே கூடாது.

தொடங்குவதற்கு எந்தத் தளமும் தேவையில்லை. தெரிந்தவர்களில் ஒரு பத்துப் பேரிடம், இப்படி ஒன்று எழுதப்போகிறேன், அனுப்பட்டுமா என்று கேளுங்கள். சரி என்றவர்களின் முகவரிகளை பிசிசி கட்டத்தில் போட்டு உங்கள் சொந்த ஜிமெயிலிலிருந்தே அனுப்புங்கள், மேலே உள்ள 'டு' கட்டத்தில் போட்டால் ஒருவர் முகவரி எல்லோருக்கும் தெரிந்துவிடும். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர் வரைதான் அனுப்ப முடியும், ஆனால் அந்த எல்லைக்கு வெகு முன்பே, ஐம்பது பேர் சேர்ந்ததும், சப்ஸ்டாக், பட்டன்டவுன், மெயில்சிம்ப் என்று ஏதாவது ஒன்றுக்கு மாறிவிடுவது நல்லது, சேர்வதையும் விலகுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இலவசமாக எழுதும்வரை சப்ஸ்டாக்கில் கட்டணம் கிடையாது, சந்தா வாங்கத் தொடங்கினால் பத்து சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். எந்தத் தளம் என்று ஒரு மாதம் ஆராய்ச்சி செய்வதைவிட அந்த மாதத்தில் இரண்டு மடல் எழுதிவிடலாம்.

அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள், உங்கள் ஃபோனுக்கே ஒன்றை அனுப்பிப் பாருங்கள். முதல் மடலில் நீங்கள் யார், ஏன் எழுதுகிறீர்கள் என்பது இரண்டு வரி போதும், மிச்சமெல்லாம் விஷயமாக இருக்கட்டும். இந்த மடல் ஸ்பேமுக்குள் போயிருந்தால் வெளியே எடுத்து வையுங்கள் என்று ஒரு வரி சேர்க்கலாம். பத்துப் பேரில் மூன்று பேர் பதில் போட்டால் அது மிக நல்ல தொடக்கம். அந்த மூவருக்கும் அன்றைக்கே தனித்தனியாகப் பதில் எழுதிவிட்டு, அவர்கள் கேட்டதில் எதை அடுத்த மடலில் எடுக்கலாம் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.